கண்ணால் பார்த்ததை மட்டும்

ஜேடர்பாளையம்
28.5.1978

தங்கச்சி சௌந்திரத்துக்கு அக்கா சென்னியம்மாள் சொல்லச் சொல்ல மருமகள் பெரியநாயகி எழுதுவது.

இங்க நாங்க ரெண்டு பேரும் இருக்கறோம். உன்ர முழங்கால் எப்படி இருக்குது? எண்ணெய் தேச்சியா, இல்ல அதுக்கும் புஸ்தகத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறியா?

வெண்ணந்தூர்ச் சம்பந்தி அப்புசாமி நேத்து வந்திருந்தாரு. மோரைக் குடிச்சுப்போட்டு, "வர்ற ஆடியோட வருசம் ஒண்ணாகுதுங்க. கந்தவேலுக்குக் கருமாதியப் பண்ணிப்போட்டு எம்பொண்ண எங்கூட அனுப்பிச்சு வையுங்க"ன்னாரு. எனக்கு வந்துது பாரு கோவம். "எம்பையன் செத்ததை நீங்க பாத்தீங்களா?"ன்னேன். "கூடப் போன கிளீனர் மாரியப்பன் பாத்தானுங்களே"ங்கறாரு. மாரியப்பன் என்னத்தைப் பாத்தான்? ஜவ்வரிசி மூட்டைய டெல்லியில எறக்கிப்போட்டு, சிம்லா மலைக்கு ஆப்பிள் லோடு ஏத்தப் போயிருக்கறாங்க. வழியில மண்ணு சரிஞ்சு கெடக்குதுன்னு இவன் எறங்கிப் பாக்கப் போனானாம். திரும்பறதுக்குள்ள லாரி பள்ளத்துல போயிருச்சாம். லாரி உருண்டதைத்தான் அவன் பாத்தான். எம்பையன் குதிச்சானா இல்லையான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் மூஞ்சியில நான் முழிக்கறதே இல்ல.

நீ போயிப் பாத்துட்டு வா அம்மிணி. சின்னப் புள்ளையிலயே "நான் பாக்கல, எனக்குத் தெரியாது"ன்னு சொல்லி அப்பங்கிட்ட அடி வாங்கினவ நீ. நீ பாத்துட்டு வந்து சொன்னா நம்பறேன். வேற எவன் சொன்னாலும் நம்ப மாட்டேன். இந்த வைகாசி, ஆனியில ஒறம்பரைச் சொந்தத்துல ரெண்டு கல்யாணம் இருக்குது. நல்ல காரியத்துக்கு முன்னால இதுக்குக் காலெடுத்து வெக்கக் கூடாது. ஆடியில ஒரு விசேசமும் இல்ல. ஆடி பொறந்ததும் கெளம்பு.

உன்ர அக்கா,
சென்னியம்மாள்

சின்னத்தைக்கு: இது நானாக எழுதுவது. ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட்டிருக்கிறேன். சேலத்தில் நேர்முகம் இருக்குமாம். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். "இன்னும் என்னத்தை எழுதறே?" என்கிறார்கள். விசாரிப்பு என்று சொல்லியிருக்கிறேன்.


சேலம்
5.6.1978

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் தேய்த்தேன். எண்ணெயால்தான் தேவலை என்று சொல்ல முடியாது, ஆனால் தேய்த்தேன்.

போகிறேன். சித்திரையில் கல்லூரி விடுமுறையிலேயே போயிருக்கலாம். அப்போது விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன். இப்போது விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜூலை பதினைந்தாம் தேதி சேலத்தில் ரயிலேறுவேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கோபித்துக்கொள்ளாதே. நான் அங்கே போவதால் எதுவும் மாறிவிடாது. நடந்தது நடந்ததுதான். அதில் எவ்வளவு நமக்குத் தெரியும், எவ்வளவு தெரியாது என்பதைத்தான் நான் பார்த்துவிட்டு வர முடியும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் எழுத மாட்டேன்.

மாரியப்பனை நேற்று நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் போய்ப் பார்த்தேன். இடத்தை ஒரு தாளில் வரைந்து கொடுத்தான். இரண்டு தடவை கிழித்துப் போட்டுவிட்டு, மூன்றாம் தடவைதான் வரைந்து முடித்தான். நீ அவனிடம் பேசாமல் இருப்பது நியாயம் இல்லை. இதற்கு நீ என்ன சொல்வாய் என்று தெரியும், ஆகவே நிறுத்துகிறேன்.

பெரியநாயகிக்கு: இந்தப் பத்தியை உரக்கப் படிக்க வேண்டாம். நேர்முகத்துக்குக் கட்டாயம் போ. யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போகிறாய் என்பது உன் பொறுப்பு. சான்றிதழ்களை மறக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சௌந்திரம்


சிம்லா
20.7.1978

அன்புள்ள அக்கா,

நேற்று முன்தினம் வந்து சேர்ந்தேன். சளியைத் தவிர வேறு குறை இல்லை. உனக்கு இரவில் இருமல் வருவதாகப் பெரியநாயகி ஓரத்தில் எழுதியிருந்தாள். நின்றதா?

நாம் பெரிய தவறு செய்துவிட்டோம். நம் ஊரில் ஆடி என்றால் காற்று. ஆற்றில் புதுத்தண்ணீர் வரும், போய்க் கும்பிட்டுவிட்டு வருவோம். அந்தத் தண்ணீர் எங்கோ மழையாகப் பெய்துதான் வருகிறது என்று நாம் யோசித்ததே இல்லை. இங்கே இது மழைக்காலம். தென்மேற்குப் பருவமழை என்று பள்ளியில் படித்துப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். இருந்தும் ஆடியில் விசேஷம் இல்லை என்று நீ சொன்னதும் தலையாட்டிவிட்டுக் கிளம்பியிருக்கிறேன்.

கால்காவிலிருந்து சின்ன ரயில். மலையைக் குடைந்து குடைந்து போகிறது. ஒரு குகையை விட்டு வெளியே வந்தால் மேகம், அடுத்த குகை, மறுபடி மேகம். இரண்டு இடங்களில் தண்டவாளத்தில் விழுந்த மண்ணை அள்ளும் வரை நின்றோம். ஊர் என்பது மலைச்சரிவில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய தகரக் கூரைகள். எந்நேரமும் தகரத்தில் மழை விழும் சத்தம். வெள்ளைக்காரன் கட்டிய பெரிய வீதியில் கடைகள் பாதி மூடிக் கிடக்கின்றன. ஜன்னலைத் திறந்தால் மேகம் அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறது. துவைத்த சேலை மூன்றாம் நாளும் காயவில்லை. செருப்பில் பூசணம்.

விடுதிக்காரர் ஆங்கிலம் பேசுகிறார். "இந்த மாதத்தில் இங்கே இரண்டு வகை மனிதர்கள்தான் வருவார்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள், இல்லையென்றால் பைத்தியக்காரர்கள். நீங்கள் கல்யாணமானவரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இன்னொரு கம்பளி எடுத்துக் கொடுத்தார். இந்தி வேண்டாம் என்று சொன்ன ஊர்க்காரி, இரண்டு நாளில் இரண்டு சொல் கற்றுக்கொண்டிருக்கிறேன். 'பாரிஷ்' என்றால் மழை. 'ரஸ்தா பந்த்' என்றால் வழி மூடியிருக்கிறது.

காவல் நிலையத்தில் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். பதிவேட்டை எடுத்துக் காட்டினார்கள். லாரி எண், விழுந்த தேதி, எல்லாம் சரியாக இருக்கிறது. ஓட்டுநர் என்ற இடத்தில் 'காணவில்லை' என்று எழுதியிருக்கிறது. அவ்வளவுதான். இடத்தைப் பார்க்க வழி திறக்க வேண்டும். காத்திருக்கிறேன்.

சௌந்திரம்


ஜேடர்பாளையம்
27.7.1978

தங்கச்சி சௌந்திரத்துக்கு அக்கா சொல்லி எழுதுவது.

நாங்க இருக்கறோம். இருமல் நின்னுபோச்சு. நின்னுபோச்சுன்னு எழுதச் சொன்னா இவ எழுதாம என்னையப் பாக்கறா. எழுது புள்ள.

காவேரியில தண்ணி ரெண்டு கரையும் போகுது. அணைக்கட்டுல சத்தம் ஊடு வரைக்கும் கேக்குது. காத்துல தென்னை ரெண்டு சாஞ்சிருச்சு. அது கெடக்கட்டும்.

காயிதத்துல காணவில்லைன்னு எழுதியிருக்கறதா சொன்னியே, அதைக் கேட்டதும் எனக்குப் பாதி உசுரு வந்துது. கவருமெண்டுக்காரன் சும்மா எழுதுவானா? செத்திருந்தா செத்துட்டான்னு எழுதியிருப்பானல்ல? அங்க ஆஸ்பத்திரி இருக்குமல்ல, போயிப் பாத்தியா? தலையில அடிபட்டு நெனப்பு தப்பிப் போயிருக்கும். ஊரு பேரு சொல்லத் தெரியாம எங்கியோ ஆப்பிள் தோட்டத்துல வேலை செஞ்சுட்டிருப்பான். அவனுக்குக் குளுரு ஆகாது. கம்பளி குடுத்திருக்கறாங்களான்னு பாரு.

இவ அப்பன் மறுபடி வந்தாரு. பொண்ணு வாத்தியாருக்குப் படிக்கட்டும், ரெண்டு வருசம், ஆஸ்டல்லயே இருப்பாள்னாரு. அவன் வந்து கதவைத் தொறந்தா பொண்டாட்டி ஊட்டுல இல்லைன்னா மனசு என்ன பாடுபடும்? அதெல்லாம் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். இவளுக்கும் என்னைய உட்டுட்டு இருக்க முடியாது. கேளு, இவளே சொல்லுவா.

சூதானமா இரு. மழையில நனையாதே.

சென்னியம்மாள்

சின்னத்தைக்கு: ஐந்தாம் தேதி நேர்முகம். அப்பாவோடு கோயிலுக்குப் போவதாகச் சொல்லப்போகிறேன்.


சிம்லா
2.8.1978

அன்புள்ள அக்கா,

நலமாகவே இருக்கிறேன். மழை விடவில்லை. இங்குள்ள இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் நேரில் போய் விசாரித்துவிட்டேன். போன வருஷம் ஆகஸ்டிலிருந்து பெயர் தெரியாதவர் யாரும் சேர்க்கப்படவில்லை.

திங்கட்கிழமை வழியைக் கொஞ்சம் திறந்தார்கள். சாலை வேலைக்காரர்களின் லாரியில் தியோக் என்ற ஊர் வரை போனேன். அங்கிருந்து நான்கு மைல் நடை. மேஸ்திரி ஒருவர் கூடவே வந்தார். வயதானவர், கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர். என் குடையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உரச்சாக்கை மடித்து என் தலையில் போட்டார். மாரியப்பன் வரைந்த படம் சரியாகவே இருந்தது. சாலை ஓரம் நெடுக வெள்ளையடித்த கற்கள் நட்டிருக்கிறார்கள். அந்த வளைவில் மட்டும் ஆறு கற்கள் புதியவை.

கீழே முழுக்க மூட்டம். பால் பொங்கும் நேரம் அளவுக்கு ஒரு தடவை விலகியது. வெகு ஆழத்தில் பாறைகளுக்கு நடுவே தகரம் கிடப்பதைப் பார்த்தேன். பச்சை நிறம் என்று தோன்றியது. தோன்றியதை எழுதக் கூடாது, ஆகவே தகரம் என்று மட்டும் எழுதுகிறேன். அதற்கும் கீழே ஆறு. சத்தம் மட்டும் கேட்டது.

மேஸ்திரி சொன்னது இது. போன வருஷம் மழை முடிந்த பிறகு, ஆற்றோரக் கிராமங்களில் மூன்று உடல்கள் ஒதுங்கினவாம். யாரென்று அடையாளம் தெரியவில்லை. ஊர்க்காரர்களே எரித்துவிட்டார்கள். எந்தக் கிராமம் என்றுகூட அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. கீழே இறங்கும் பாதை போன மாதம் மழையில் போய்விட்டது. இனிப் புரட்டாசியில்தான் இறங்க முடியும். நான் அதுவரை இங்கே இருக்க முடியாது.

எனவே எனக்குத் தெரிந்தது இவ்வளவு. லாரி விழுந்தது உறுதி. அப்போது கந்தவேல் உள்ளே இருந்தான் என்பதற்கு மாரியப்பன் சாட்சி. அந்த மூவரில் ஒருவன் கந்தவேல் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. அவன் இறந்ததை நான் பார்க்கவில்லை.

அந்தப் பள்ளத்தைப் பார்த்தவர் யாரும் ஒருவன் பிழைத்திருப்பான் என்று நினைக்க மாட்டார்கள். ஆனால் அது நினைப்பு. பார்த்தது அல்ல.

வேளைக்குச் சாப்பிடு.

சௌந்திரம்


ஜேடர்பாளையம்
10.8.1978

அன்புள்ள சின்னத்தைக்குப் பெரியநாயகி எழுதுவது.

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இதை அத்தை சொல்லி எழுதவில்லை. சந்தைக்கு வந்த இடத்தில், தபால் ஆபீஸ் மேசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னார்கள். "நான் பார்க்கவில்லை" என்ற இடம் வந்ததும் எழுந்து நின்றுகொண்டார்கள். "பாத்தியா புள்ள? எந்தங்கச்சி பாக்கலைன்னு எழுதிட்டா. அவ எழுதினா எழுதினதுதான்" என்றார்கள். நான், "அத்தை, அந்தப் பள்ளத்தைப் பத்தியும் எழுதியிருக்காங்கல்லங்க" என்றேன். "பள்ளம் எல்லா ஊர்லயும்தான் இருக்குது. நீ வாயை மூடு" என்றார்கள்.

அன்றிலிருந்து வீடு மாறிவிட்டது. உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அவர் துணிகளை எடுத்துத் துவைக்கச் சொன்னார்கள். வழியில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்கிறார்கள். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, ஆடி அமாவாசைக்கு ஆற்றில் எல்லோரும் செத்தவர்களுக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, இவர்கள் கரை மேலேயே நின்று, "எங்க ஊட்டுல அப்படி யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். ஊரில் சிரிக்கிறார்கள். சிலர் சிரிக்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

நேர்முகத்துக்குப் போனேன். எடுத்துக்கொண்டார்கள். செப்டம்பர் நான்காம் தேதிக்குள் சேர வேண்டும். அத்தையிடம் சொன்னேன். திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் வர்ற நேரத்துக்கு நீயும் போயிட்டா நான் என்ன சாமி பண்ணுவேன்?" என்றார்கள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அத்தை கெட்டவர்கள் இல்லை. எனக்கு முதலில் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. இந்த ஒரு வருஷத்தில் நான் அழவே இல்லை. அழுதால் அத்தைக்குக் கோபம் வரும், உயிரோடு இருக்கிறவனுக்கு அழுவாயா என்று. மாட்டுக்குத் தீனி வைக்கப் போகும்போது அழலாம் என்று பார்த்தேன். வரவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. அவர் இருக்கிறார் என்றால் காத்திருப்பேன். இல்லை என்றால் அழுதுவிட்டுப் படிக்கப் போவேன். இரண்டில் எது என்று யாராவது சொல்லுங்கள்.

உங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். சளிக்கு மிளகு கிடைத்தால் போட்டுக் குடியுங்கள்.

பெரியநாயகி


சிம்லா
17.8.1978

அன்புள்ள அக்கா,

பெரியநாயகியைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு இதைக் கேள். பெரியநாயகி, நிதானமாகப் படி. ஒன்றையும் விடாமல் படி.

போன கடிதத்துக்குப் பிறகு மேஸ்திரி என்னைத் தேடி விடுதிக்கே வந்தார். ஆற்றோரக் கிராமத்தைச் சேர்ந்த ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். போன வருஷம் அங்கே ஒதுங்கிய உடல்களில் ஒன்றை எரித்தபோது அவர் கூட இருந்தவர். வாலிபன், கறுத்த நிறம், இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தது என்றார். மலைக்காரர்கள் யாரும் அரைஞாண் கட்டுவதில்லை. ஆகவே அவருக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. எரித்த பிறகு சாம்பலோடு அதையும் ஆற்றிலேயே விட்டுவிட்டார்கள். அவர்கள் வழக்கப்படி எல்லாம் முறையாகச் செய்தார்கள்.

கந்தவேல்தான், அக்கா. எனக்குச் சந்தேகம் இல்லை.

நான் சொன்னால் நம்புவதாகச் சொல்லியிருந்தாய். சொல்லிவிட்டேன். செய்ய வேண்டியதைச் செய். பெரியநாயகியைப் படிக்க அனுப்பு. தாலி வாங்குகிறோம் என்று பத்துப் பெண்கள் கூடி அவளைச் சுற்றி நிற்க விடாதே. இது ஒன்றைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

வழி திறந்ததும் கிளம்புவேன். மழை இன்னும் விடவில்லை.

சௌந்திரம்


ஜேடர்பாளையம்
31.8.1978

அன்புள்ள சின்னத்தைக்கு,

நீங்கள் சேலம் வந்துவிட்டதாக அப்பா சொன்னார். பயணத்தில் உடம்பு கெட்டுப்போகாமல் இருந்ததா? இந்தக் கடிதத்தையும் நானாகத்தான் எழுதுகிறேன். அத்தையிடம் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். நீயே எழுது என்று சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் எழுதியதை அத்தைக்குப் படித்தேன். "வாலிபன், கறுத்த நிறம்" என்ற இடத்தில் எனக்கு வரி தவறிவிட்டது. அரைஞாண் என்பதைப் படித்தேனா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. அத்தை, "மறுபடி படி" என்றார்கள். படித்தேன். "இடுப்புல என்ன இருந்துதுன்னு எழுதியிருக்கறா?" என்று கேட்டார்கள். சொன்னேன். எழுந்து உள்ளே போய், தன் பெட்டியைத் திறந்து மூடிவிட்டு வந்தார்கள். பிறகு, "செரி. அவளே சொல்லிட்டா" என்றார்கள். நான் எதிர்பார்த்தது போல் கத்தவில்லை. என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இனி நீ அழுதுக்கோ சாமி" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் எல்லாம் நடந்தது. அவர் சட்டையையும் வேட்டியையும் மணலில் வைத்து எரித்தார்கள். பெண்கள் என்னை நடுவில் உட்காரவைக்க வந்தார்கள். அத்தை குறுக்கே வந்து நின்றுகொண்டு, "அவ தாலிய எவளும் தொட வேண்டாம். அவளாக் கழட்டி வெக்கறப்ப வெப்பா. போயி அவங்கவங்க சோலியப் பாருங்க" என்றார்கள். ஒரு பெரியம்மா முறைத்துக்கொண்டு, "இதென்ன புது மொறை?" என்று கேட்டதற்கு, "எந்தங்கச்சி காலேஜில சொல்லித் தர்ற மொறை" என்றார்கள். அழுதுகொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திங்கட்கிழமை சேர வருகிறேன். பெட்டியை அத்தைதான் அடுக்கினார்கள். உங்களை வந்து பார்க்கிறேன்.

பெரியநாயகி


ஜேடர்பாளையம்
12.9.1978

தங்கச்சி சௌந்திரத்துக்கு அக்கா சென்னியம்மாள் சொல்லி, கிளீனர் மாரியப்பன் எழுதுவது.

நான் இருக்கறேன். உன்ர சளி விட்டுதா? பெரியநாயகி ஆஸ்டல் சோறு சாப்படறாளா? எளைச்சுட்டாளான்னு பாத்து எழுது.

காயிதம் எழுத ஆளில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார்கிட்டப் போகலாம்னு கெளம்பினேன். போகப் போக இவன் ஊட்டு வாசல்ல போயி நின்னுட்டேன். ஒரு வருசமாச்சு இந்த வாசலை மிதிச்சு. இவன் என்னையப் பாத்ததும் எந்திரிச்சு, உள்ள போயித் தண்ணி கொண்டாந்து குடுத்தான். குடிச்சேன்.

உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். பெரியநாயகி எழுதற காயிதத்துல சொல்ல முடியாது.

கந்தவேலு கடைசியா லாரிக்குக் கெளம்பின அன்னைக்கு அவ வெண்ணந்தூர்ல அவ அப்பன் ஊட்டுல இருந்தா. காலையில குளிக்கறப்ப அரைஞாண் கொக்கி உட்டுப்போச்சு. அவுத்து எங்கையில குடுத்து, "ஆத்தா, ஆசாரிகிட்டக் குடுத்துப் பத்தவெச்சு வையி, வந்து கட்டிக்கறேன்"னான். பத்தவெச்சு வாங்கியாந்தேன். இன்னைக்கும் எம்பொட்டியில சேலைக்கு அடியில இருக்குது. சிம்லாவுல அவன் இடுப்புல அரைஞாண் கெடையாது.

உன்னையத் திட்டறதுக்குச் சொல்லலை. நீ பொய் சொல்றவ இல்ல. அப்பன் வெளாரு உடையற வரைக்கும் அடிச்சப்பக்கூட நீ ஒரு பொய் சொல்லித் தப்பிச்சதில்ல. அப்பேர்ப்பட்டவ ஒரு பொய்யைச் சோடிச்சு எழுதறான்னா, அங்க நெசத்துல பாத்ததை எழுத உனக்குக் கை வரலைன்னுதானே அர்த்தம்? இவ அதைப் படிச்சப்பவே எனக்கு வெளங்கிருச்சு. மாரியப்பன் சொன்னப்ப நான் நம்பல. அப்புசாமி சொன்னப்ப நம்பல. நீ பொய் சொன்னே பாரு, அப்பத்தான் எம்பையன் இல்லைன்னு நம்பினேன்.

நீ அங்க என்னத்தைப் பாத்தேன்னு நான் கேக்க மாட்டேன். நீயும் சொல்ல வேண்டாம். எந்தக் கோலத்துல பாத்தியோ, அது உன்னோடவே இருக்கட்டும். உனக்குத்தான் பாவம், அதைச் சொமந்துட்டு இருக்கோணும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. நீ எழுதின காயிதமெல்லாம் மழை மழைன்னே இருந்துது. அவனை எரிச்ச அன்னைக்கும் அப்படி மழை பேஞ்சுதா? ஈர வெறகுல தீ நின்னுதா? பாதியில அணைஞ்சுபோயி அப்படியே ஆத்துல தள்ளியிருப்பாங்களோன்னு எனக்கு ஒரே வெசனமா இருக்குது. சோத்துல கைய வெச்சா அதுதான் நெனப்பு வருது. விசாரிச்சிருப்பே, உனக்குத் தெரிஞ்சிருக்கும். அதை மட்டும் எழுது.

உன்ர அக்கா,
சென்னியம்மாள்

அம்மா, இது மாரியப்பன் எழுதறதுங்க. ஆத்தா இதையெல்லாம் சொல்றப்ப நான் எதுவும் குறுக்கே பேசலைங்க. சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கறேன்.


சேலம்
18.9.1978

அன்புள்ள அக்கா,

சளி விட்டுவிட்டது. முழங்காலும் பரவாயில்லை. நீ இரவில் இருமுகிறாயா என்று யாரும் எனக்கு இப்போது எழுதுவதில்லை. நீயே சொல்.

பெரியநாயகியை நேற்று விடுதியில் பார்த்தேன். இளைத்துத்தான் இருக்கிறாள். சோற்றில் கல் கிடப்பதாகச் சொன்னாள். ஆனால் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கூடப் படிக்கும் நான்கு பெண்களை அழைத்து வந்து, "எங்க சின்னத்தை" என்று காட்டினாள். தாலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். எப்போது கழற்றினாள் என்று நான் கேட்கவில்லை. ஊருக்கு வரும்போது உனக்கு முறுக்கு வாங்கி வருவதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஐந்து நாள் இருந்தேன். நான்கு தடவை பதில் எழுதத் தொடங்கினேன். நீ நினைக்கிற அளவுக்கு நான் ஒன்றும் சுமக்கவில்லை, அக்கா. உனக்குச் சொல்ல வேண்டியது வேறு எதுவும் என்னிடம் இல்லை. அப்படியே நினைத்துக்கொள்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மாரியப்பன் இதை உனக்கு மெதுவாகப் படித்துக் காட்டட்டும்.

அன்றைக்கு மழை இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்பே விட்டிருந்தது. தேவதாரு விறகு, எண்ணெய் உள்ள மரம், சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். காலையில் வைத்தார்கள். நல்ல வெயில் அடித்தது. தீ கடைசி வரைக்கும் நின்று எரிந்தது. நான் விசாரித்தேன்.

சோறு சாப்பிடு, அக்கா.

சௌந்திரம்